முக்குருத்திப் புல்வெளியும் பவானிப் பாசனமும்

ஆகஸ்ட் மாதம் நெருங்கினால் கீழ்பவானிப் பாசன விவசாயிகளின் கவனமெல்லாம் பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தின் மீதே இருக்கும். காலையில் டீக்கடைக்கு வருகிறவர் பத்திரிகையில் முதலில் தேடுவது அணையில் எத்தனை அடி என்பதைத்தான். 105 அடி அணையில் 90-ஐத் தாண்டிவிட்டால் நாற்றுக்கு விதையை ஊறப்போடும் தைரியம் வருகிறது. 60, 65 என்று நின்றுவிட்டால் நகையை அடகு வைத்து ஓட்டிய உழவு வீணாகுமோ என்ற கவலை வருகிறது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "மலையில் மழை பெய்கிறது, ஆற்றில் வருகிறது" என்பதே எல்லோருடைய பதிலும். அது பாதி உண்மைதான். மழை நாளில் ஆறு ஓடுவதில் அதிசயம் இல்லை. மழை நின்று இரண்டு மூன்று மாதம் கழித்து, தை மாசியிலும் மலை ஓடைகளில் தெளிந்த நீர் சலசலத்து ஓடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? அதைத் தேடிப் போனால் நீலகிரியின் உச்சியில், சாதாரணமாக யாரும் போய்ப் பார்க்காத ஒரு புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தும். அந்தப் புல்வெளிக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் முக்குருத்தி தேசியப் பூங்கா.

தேசியப் பூங்கா என்றதும் பல விவசாயிகள் அது பணக்காரர்கள் ஜீப்பில் போய் வேடிக்கை பார்க்கும் இடம், காட்டு மிருகங்களை அடைத்து வைத்த இடம், உழவனுக்கு அதில் என்ன வேலை என்று நினைக்கிறார்கள். கிண்டி, முதுமலை, ஆனைமலை, மன்னார் வளைகுடா, முக்குருத்தி எனத் தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. மற்ற நான்கின் கதை எப்படியோ, முக்குருத்தியைப் பொறுத்தவரை அந்த நினைப்பு முற்றிலும் தவறு. கோபி வட்டாரத்து நெல் வயலுக்கும், காங்கயம் வட்டாரத்து நிலக்கடலைக் காட்டுக்கும் அதுதான் தலைமடை. தலைமடை கெட்டால் கடைமடைக்காரன்தான் முதலில் வாடுவான்.

மலையுச்சியில் ஒரு புல்வெளி

முக்குருத்தி தேசியப் பூங்கா நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். ஏக்கர் கணக்கில் சுமார் 19,400. கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர் என்பதை நினைத்தால், பூங்கா அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1982-ல் சரணாலயமாகவும் 1990-ல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. முக்குருத்திச் சிகரம் 2,554 மீட்டர் உயரம்; அதே பூங்காவில் உள்ள கொல்லாரிபெட்டா 2,630 மீட்டர்.

அங்கே காடு என்றால் வானை முட்டும் மரக்கூட்டம் அல்ல. குன்றுகள் முழுவதும் புல். இரண்டு குன்றுகள் கூடும் மடிப்புகளில் மட்டும் அடர்த்தியான குட்டை மரச் சோலைகள். பச்சைச் சேலையில் கரும்பச்சைக் கரை பிடித்தது போல ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சோலை, அதன் அடியில் ஒரு ஓடை. சோலை மரங்கள் துளிர்விடும் காலத்தில் அந்தக் கரை சிவப்பும் செம்பும் கலந்து மாறும். புல்வெளியின் நடுவே காட்டுப்பூவரசு மரம் தனியாக நின்று குங்கும நிறத்தில் பூக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்தால் சரிவு முழுவதும் நீலமாகும். 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல் பூக்க வேண்டும்.

ஆடியில் அந்த மலையில் மழை பெய்வது சாதாரண மழை அல்ல. முக்குருத்திக்கு அடுத்துள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழையை விட அது அதிகம். மார்கழி, தையிலோ உறைபனி விழுந்து புல் கருகிப் பொன்னிறமாகிவிடும். சோலைக்கு வெளியே முளைக்கும் இளங்கன்றுகளை இந்தப் பனி கருக்கிவிடுவதும் சோலை மரம் புல்வெளிக்குள் எளிதில் பரவாததற்கு ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள்.

இந்தப் புல், காட்டை வெட்டிய பிறகு முளைத்த புல் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நீலகிரியின் சதுப்புகளில் படிந்துள்ள கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்ததில், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரியவந்துள்ளது. மலைக்கு மனிதன் உழவு கொண்டு போவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது புல்வெளிதான்.

வரையாடு அந்தப் புல்லை நம்பி வாழும் பிராணி. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. 2025-ல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்தம் 2,668 வரையாடுகள் இருந்தன, தமிழ்நாட்டில் 1,303. ஒரு பெரிய கிராமத்தில் உள்ள ஆடு மாடுகளின் எண்ணிக்கைகூட அதைவிட அதிகம் இருக்கும். தோடர்களுக்கு முக்குருத்திச் சிகரம் புனிதமானது. இறந்தவர்களின் ஆவி அந்தச் சிகரத்தின் வழியாகத்தான் மறு உலகம் செல்கிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

புல் எப்படித் தண்ணீர் தருகிறது?

தொழு உரம் நன்றாக இட்ட வயலையும் கட்டாந்தரையையும் விவசாயிகள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே மழைதான் இரண்டிலும் பெய்கிறது. கட்டாந்தரையில் விழுந்தது ஓடிவிடுகிறது. மக்கு நிறைந்த மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. முக்குருத்தி மண் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல் மக்கி மக்கிக் கறுத்துப்போன மண். புல்வேர்கள் அதைப் பாய் பின்னியது போலப் பிடித்திருக்கின்றன. மழை இறங்குகிறது, பள்ளத்தில் உள்ள சதுப்புகளிலும் சோலையின் அடிமண்ணிலும் தங்குகிறது, பிறகு ஊற்றாகக் கசிந்து ஓடையாகிறது.

இன்னொரு முக்கியமான செய்தியும் உண்டு. புல் குறைவாகக் குடிக்கும் பயிர். பனிக்காலத்தில் அது காய்ந்து அடங்கிவிடுகிறது. ஆகவே மழை இல்லாத மாதங்களில் மண்ணில் உள்ள நீரை அது அதிகம் எடுப்பதில்லை. பருவத்தில் மட்டும் தண்ணீர் கேட்கும் சோளத்துக்கும், வருடம் முழுவதும் குடிக்கும் தென்னைக்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது. மலையில் புல் எடுக்காமல் விட்ட தண்ணீர்தான் கீழே வாய்க்காலுக்கு வருகிறது.

முக்குருத்தியின் ஓடைகள் ஒரு பக்கம் முக்குருத்தி அணைக்கும் பைக்காரா அணைக்கும் போகின்றன. அங்கிருந்து மின்சாரம் எடுத்த தண்ணீர் மாயாற்றில் விழுகிறது. இன்னொரு பக்கம் மேல்பவானி அணைக்குப் போய், குந்தா மின் நிலையங்களைச் சுற்றி, பில்லூர் வழியாகப் பவானி ஆற்றில் சேருகிறது. மாயாறும் பவானியும் கூடும் இடத்தில்தான் பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் ஆகிய பழைய வாய்க்கால்களுக்கும் இதே தண்ணீர்தான். கோவை நகரம் பில்லூரிலிருந்து குடிக்கும் தண்ணீரும் இதே மலையிலிருந்து வருவதுதான்.

பசுமை வேடத்தில் வந்த பகை

இப்படிப்பட்ட புல்வெளியை யாரும் புல்டோசர் வைத்து அழிக்கவில்லை. நல்லது செய்வதாக எண்ணி மரம் நட்டே அழித்தார்கள்.

ஆங்கிலேயர் நீலகிரிக்கு வந்தபோது புல்வெளியைத் தரிசு நிலம் என்று எழுதி வைத்தார்கள். மரம் இல்லாத நிலம் வீண் என்பது அவர்கள் எண்ணம். குளிருக்கு விறகு வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். நீலகிரியில் கற்பூர மரம் என்பதும் சமவெளியில் தைலமரம் என்பதும் யூக்கலிப்டஸ் இனம்தான். சீகை என்பது தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் அல்ல. வாட்டில் என்று ஆங்கிலத்தில் சொல்லும் மரம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த எண்ணம் மாறவில்லை. தோல் பதனிட ஆவாரம்பட்டை போதவில்லை, சீகைப் பட்டையில் துவர் அதிகம் என்று ஐந்தாண்டுத் திட்டங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்வெளியில் சீகை நடப்பட்டது. செயற்கைப் பட்டு நூலுக்கு மரக்கூழ் வேண்டும் என்று மேலும் நடப்பட்டது. 1988-ன் தேசிய வனக் கொள்கைக்குப் பின் இப்படி நடுவது படிப்படியாக நின்றது. ஆனால் நட்டவர்கள் நிறுத்தினாலும் சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நெருப்புப் பட்டால் செத்துப்போகாமல் அதுவே தூண்டுதலாகி முளைக்கும். ஒரு மரத்தை வெட்டினால் அடுத்த மழையில் அந்த இடத்தில் நாற்றங்கால் போல நூற்றுக்கணக்கான கன்றுகள் எழும்.

சமவெளி விவசாயிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விறகுக்கு உதவும் என்று கொண்டுவந்த சீமைக் கருவேல் இன்று எத்தனை ஏரிகளையும் குளங்களையும் மூடிக்கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். மலைக்குச் சீகை அப்படித்தான். போதாததற்கு ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகவும் வேலிக்காகவும் வந்த முட்புதர்களும் மஞ்சள் பூப்புதர்களும் புல்லை மூடி வருகின்றன.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் மரத் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. முக்குருத்தி அந்த நிலைக்குப் போகாமல் தப்பியதற்குப் பூங்கா என்ற பாதுகாப்பும், பல ஆண்டுகளாக வனத்துறை சீகையை அகற்றி வந்ததும் காரணம். ஆனால் எல்லைக்கு வெளியே சீகைத் தோட்டங்கள் நிற்கும்வரை விதை வந்துகொண்டேதான் இருக்கும். பக்கத்துக் காட்டுக்காரர் களை எடுக்காவிட்டால் தன் காட்டில் மட்டும் களை எடுத்து ஆவதில்லை என்பது உழவன் அறியாததல்ல.

கணக்குப் பார்த்த சோதனை

தைலமரம் தண்ணீரைக் குடிக்கிறது என்பது வெறும் பேச்சா, உண்மையா? இதற்கு நீலகிரியிலேயே நல்ல சோதனை ஒன்று நடந்திருக்கிறது. உதகமண்டலத்திலுள்ள மத்திய மண் மற்றும் நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார், பைக்காராவுக்கு அருகே கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர், அதாவது 80 ஏக்கர். இரண்டிலும் புல்லும் சோலையும் இருந்தன. 1968 முதல் நான்கு ஆண்டுகள் இரண்டின் ஓடைகளிலும் வரும் நீரை அளந்தார்கள். பிறகு 1972-ல் ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் நூற்றுக்கு 59 பங்கு நிலத்தில் கற்பூர மரம் நட்டார்கள்.

பத்து ஆண்டு முடிவில், மரம் நட்ட ஓடையில் ஆண்டு நீர்வரத்து நூற்றுக்கு 16 பங்கு குறைந்திருந்தது. மரத்தை வெட்டி, அடிமரத்துத் தளிரை வளரவிட்ட இரண்டாம் பத்தாண்டில் குறைவு நூற்றுக்கு 25 ஆயிற்று. இதைவிடக் கவனிக்க வேண்டியது கோடைக் கணக்கு. வறண்ட நாட்களில் ஓடையில் கசியும் நீர் முதல் சுற்றில் பாதியாயிற்று. இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு இறங்கிற்று. மழைக்காலத்து வெள்ளத்தை மரம் ஓரளவு தணித்தது என்பதையும் அதே சோதனை காட்டியது. ஆனால் வெள்ளத்தில் குறைந்ததற்காகக் கோடையில் கூடவில்லை, இரண்டிலும் குறைந்தது.

இது கற்பூர மரத்தின் கணக்கு. சீகைக்கும் இதே எண் வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சீகையும் பசுமை மாறாமல் ஆண்டு முழுவதும் நீரெடுக்கும் மரம்தான். தண்ணீர்ப் பஞ்சமுள்ள தென்னாப்பிரிக்கா 1995-ல் ஒரு பெரிய திட்டம் தொடங்கி, ஆறுகளின் தலைப்பகுதிகளில் அயல் மரங்களை ஏழைத் தொழிலாளர்களைக் கொண்டு அகற்றி வருகிறது. அந்தத் திட்டத்தின் முக்கியக் குறிகளில் சீகையும் ஒன்று. அங்கே அதை வனவிலங்குத் திட்டம் என்று சொல்லவில்லை. தண்ணீருக்கான வேலை என்றே பெயர் வைத்தார்கள்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

"மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று சுவரெல்லாம் எழுதிவிட்டு இப்போது மரத்தை வெட்டு என்பதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முக்குருத்திக்கு மழை தருவது அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மலையில் மோதுவது. சீகை நடுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே மழை பெய்தது. சோலை மரத்தில் ஒரு கிளையைக்கூடத் தொடச் சொல்லவில்லை. புல் இருக்க வேண்டிய இடத்தில் புல்லும், சோலை இருக்க வேண்டிய இடத்தில் சோலையும் இருக்கட்டும் என்பதே பேச்சு. நெல் வயலில் வளரும் கோரையும் பச்சைதான். அதற்காக அதை யாரும் விட்டுவைப்பதில்லை.

"ஒரு காட்டு ஆட்டுக்காக இவ்வளவு செலவா?" என்று இன்னொருவர் கேட்கலாம். வரையாட்டுத் திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு சுமார் 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிறு விவசாயியின் கண்ணுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் வரையாடு பிழைக்க வேண்டுமானால் புல் பிழைக்க வேண்டும். புல் பிழைத்தால் ஓடை பிழைக்கும். ஆட்டின் பெயரால் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு வாய்க்காலுக்கான செலவுதான். வாய்க்காலைத் தூர்வாரவும் கரை கட்டவும் ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால், தலைமடையைக் காக்கும் இந்தச் செலவு அதிகமே அல்ல.

மூன்றாவது கேள்வி மலைவாசிகளுடையது. "சீகைதானே எங்களுக்கு விறகு? அதையும் எடுத்துவிட்டால் குளிருக்கு என்ன செய்வது? பூங்கா என்று சொல்லி எங்கள் எருமையை மேயவிடாமல் செய்தார்களே?" இதைத் தள்ளிவிடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலை அனுமதிப்பதில்லை. ஆனால் அந்தப் புல்வெளியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் தோடர்கள். எந்தச் சரிவில் எந்தப் புல் நன்றாக வரும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அவர்களைக் கலக்காமல் வகுக்கும் திட்டம் விழலுக்கு இறைத்த நீராகும்.

இன்னொரு கேள்வியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பவானியில் தண்ணீர் குறைவதற்குப் புல்வெளி அழிந்தது மட்டுமா காரணம்? இல்லை. மழை தவறுகிறது, நகரங்கள் குடிக்கின்றன, ஆலைகள் எடுக்கின்றன, வாய்க்காலிலேயே வீணாவதும் உண்டு. மலையில் சீகையை அகற்றிய மறுவருடமே அணை நிரம்பி வழியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மழையை யாரும் உண்டாக்க முடியாது. பெய்த மழையைத் தேக்கி வைத்துக் கோடையில் தரும் நிலத்தைக் காப்பது மட்டும் மனிதன் கையில் இருக்கிறது.

எப்படிச் செய்ய வேண்டும்?

சீகையை அகற்றும் வேலையிலும் அவசரம் ஆகாது. ஒரு மலைச் சரிவு முழுவதையும் ஒரே கோடையில் மொட்டையடித்தால், அடுத்த ஆடி மழையில் மேல்மண் ஓடையில் இறங்கி அணையில் வண்டலாகப் படியும். விதைகள் வெயில் கண்டு கூட்டமாக முளைக்கும். ஆகவே சிறிது சிறிதாக எடுப்பதே முறை. புல்வெளிக்குள் புதிதாகப் புகுந்த இளங்கன்றுகளை முதலில் வேரோடு பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். பெரிய மரங்கள் நிற்கும் பழைய தோட்டங்களில் பல இடங்களில் நிழலுக்கு அடியில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்திருக்கின்றன. அங்கே மேல்மரத்தைப் பதம் பார்த்துக் குறைத்தால் சோலை எழும். எடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல்லைக் கொத்துக் கொத்தாக நட வேண்டும். வேறு ஊர்த் தீவனப் புல்லைக் கொண்டுவந்து தூவக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை எடுத்துவிட்டுப் போய்விடக் கூடாது. களை எடுப்பு ஒரு தடவையோடு முடிகிற வேலையா? அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிப் போய் முளைத்ததைப் பிடுங்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை நல்லதே. ஆனால் மூன்று வருடத் திட்டம், ஐந்து வருடத் திட்டம் என்று பணம் வந்து நின்றுவிட்டால் சீகை காத்திருந்து திரும்பி வரும். அதன் விதைக்கு அரசு நிதியாண்டு தெரியாது.

எடுத்த மரத்தை என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. முதுமலையில் பரவிய அயல்நாட்டு மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்குக் கொடுத்தார்கள். அதுபோலச் சீகை மரத்தில் ஒரு பகுதியை ஆலைக்கும், ஒரு பகுதியை மலைக் கிராமங்களுக்கு விறகாகவும் முறைப்படி கொடுக்கலாம். கன்று பிடுங்கும் வேலையையும் புல் நாற்றங்கால் வேலையையும் ஒப்பந்தக்காரரிடம் விடாமல் அங்குள்ள பழங்குடி மக்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் கொடுத்தால், கூலியும் அங்கேயே தங்கும், வேலையும் நிலைக்கும்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

கீழ்பவானியில் ஒரு முறைக்கு 1,03,500 ஏக்கர் நன்செய்க்கும், மறு முறைக்கு 1,03,500 ஏக்கர் புன்செய்க்கும் தண்ணீர் விடுவது ஏற்பாடு. முறை வைத்துத் தண்ணீர் விடுவதில் ஒரு நாள் தாமதமானால் விவசாயிகள் மறியலுக்குப் போகிறார்கள், போக வேண்டியதுதான். அதே விவசாயிகள், தலைமடையில் புல் போய்ச் சீகை நிற்கிறதே என்று இதுவரை கேட்டதில்லை. பூங்கா வனத்துறையின் காரியம், வரையாடு படித்தவர்களின் காரியம் என்று விட்டுவிட்டார்கள். வனத்துறையும் அதைத் தண்ணீர்க் காரியம் என்று விவசாயிகளிடம் வந்து சொன்னதில்லை.

இது மாற வேண்டும். மாதந்தோறும் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், மேல்பவானி, பைக்காரா நீர்ப்பிடிப்பில் இந்த ஆண்டு எத்தனை ஏக்கர் சீகை எடுக்கப்பட்டது, போன ஆண்டு எடுத்த இடத்தில் மறுகளை எடுத்தார்களா, ஓடை நீரை அளக்கிறார்களா என்று பாசன சபைகள் கேட்க வேண்டும். அணையின் நீர்மட்டத்தைத் தினமும் அறிவிப்பது போல, இந்தக் கணக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை அறிவிக்கச் சொல்ல வேண்டும். மரம் நடும் விழா என்று மலைப் புல்வெளியில் யார் குழி தோண்டினாலும், அது எந்தப் பெரிய மனிதரின் பிறந்த நாளாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நடுவதற்கு ஊருக்குள் ஏரிக்கரையும் சாலையோரமும் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கும் காய்கறி விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்கள் தோட்டத்து ஊற்றும் இதே முறையில் கசிவதுதான். ஊற்றுக் கண்ணுக்குப் பக்கத்தில் கற்பூர மரம் வைக்காமல், பழைய சதுப்பை வடித்துக் காய்கறி போடாமல் விட்டாலே பாதி காரியம் முடிந்தது. காட்டுமாடு தோட்டத்துக்குள் வருவதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். மேய்ச்சல் புல் குறைந்ததும் அவற்றில் ஒன்று.

முக்குருத்திக்குப் பெரும்பாலான விவசாயிகள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் போகப் போவதில்லை. போக வேண்டும் என்பதும் இல்லை. கூட்டம் கூட்டமாகப் போனால் அதுவே இன்னொரு கேடாகும். அந்தச் சரிவில் 2030-ல் குறிஞ்சி பூக்கும்போது பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் பூக்கட்டும். ஆனால் தை மாதம் நிலக்கடலைக்குத் தண்ணீர் கட்டும் விவசாயி, மடையைத் திறந்து மண்வெட்டியைச் சார்த்திவிட்டு வரப்பில் உட்காரும்போது, பாத்தியில் பாயும் நீரில் ஒரு பங்கு அந்தப் புல் குடிக்காமல் விட்டு அனுப்பியது என்பதை அறிந்திருக்க வேண்டும். அறிந்தவர் கேட்பார். கேட்பவர் பெருகினால்தான் மலையில் வேலை நிற்காமல் நடக்கும்.